மாப்பிள்ளை அழைப்பும் ரேஸ் ஷாக் அப்சார்பரும்

இந்தக் கட்டுரையை நான் தமிழில் எழுதுவதற்கு மொழிப்பற்று காரணம் இல்லை. என் மாமனாருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதுதான் காரணம். டெல்லியில் பிறந்து, டெல்லியில் படித்து, டெல்லியிலேயே ரிட்டயரும் ஆனவர் அவர். அச்சா, மத்லப் என்று இந்தி கலந்து தமிழ் நன்றாகவே பேசுவார். எழுத்து என்று வந்துவிட்டால், தமிழ்நாட்டு ஸ்டேஷனில் இறங்கினாலும் பெயர்ப்பலகையில் இந்தியைத் தேடுகிற ஆள். அந்த தைரியத்தில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவருடைய முதுகுவலிக்கு உண்மையான காரணம் என்ன என்பது எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். நான் ஒருகாலத்தில் ஆசைப்பட்டு வாங்கி மாட்டிய ஷாக் அப்சார்பர்கள்தான் காரணம்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. குர்காவ்ன் ஐ.டி. கம்பெனியில் வேலை, கையில் சம்பளம், தலையில் கொஞ்சம் கனம். எங்கள் அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தவர். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த காலம் முழுக்க ஒரே ஸ்கூட்டரில் காலத்தை ஓட்டினார். ரிட்டயர் ஆகி மயூர் விஹாரில் ஃப்ளாட் வாங்கிய பிறகும் ஸ்கூட்டர் மாறவில்லை. அவருக்குப் பிறந்த நான் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரையைப் பின்னால் மடித்து வைத்துவிட்டால் திறந்த கார். பழைய கார்தான். டெல்லியில் பெட்ரோல் காருக்குப் பதினைந்து வயதுவரைதான் அனுமதி. என் கைக்கு வரும்போது அதற்குப் பன்னிரண்டு.

அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். "ஏலே, ரிட்டயர் ஆகப்போற ஆளப் போயி புதுசா வேலைக்கு எடுத்திருக்கியே" என்றார். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "நாம நாலு பேரு இருக்கோமே?"

அந்த வருஷம்தான் என் தங்கை கோமதி, தன்னோடு நொய்டாவில் வேலை பார்க்கும் நவீனைக் கட்டிக்கொள்ளப் போவதாக வீட்டில் சொன்னாள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், அவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் இரண்டு நாள் அழுகையோடு முடிந்தது. அவர்கள் வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. நவீனின் அப்பா எதற்கும் தன் அண்ணன் முகத்தைப் பார்ப்பவர். அந்த அண்ணன், அதாவது நவீனின் பெரியப்பா, யார் முகத்தையும் பார்க்காதவர். நெடுநெடுவென்ற உயரம், வெள்ளை வேட்டி, அதைவிட வெள்ளையாக மீசை. மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரலுக்குப் பதிலாக மரியாதை உயரும். சாதாரணமாக ஒரு வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' போடுவார். இரண்டு 'ங்க' வந்தால் அதிருப்தி. மூன்று வந்தால் அவருடைய சொந்தக்காரர்கள் எழுந்து கிளம்பச் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆறேழு மாத இழுபறிக்குப் பிறகு அவர் டெல்லிக்கு வந்தார். எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, சம்மதம் என்றார். கல்யாணம் டெல்லியிலேயே நடக்கட்டும் என்றார். இரண்டே இரண்டு விஷயம் மட்டும் கேட்டார்.

"மாப்பிள்ளை அழைப்பு தொறந்த கார்லதான் வரோணுமுங்க. அப்பறம், கோயில் வாசல்ல வண்டி ஏறுனான்னா, மண்டபத்து வாசல்ல ஆரத்தி எடுத்த பொறகுதான் பையன் காலு தரைல படோணும். நடுவுல எறங்கப்படாது. எங்க வீட்டுல எல்லாருக்கும் அப்பிடித்தானுங்க நடந்திருக்குது."

அப்பா மண்டபத்து மேனேஜருக்குப் போன் போட்டார். அவர் குதிரை ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னார். டெல்லியில் மாப்பிள்ளை என்றால் வெள்ளைக் குதிரைதான். அப்பா அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னதும் பெரியப்பா, "எம்பட பையன் என்னங்க, சண்டைக்குங்களா போறான்?" என்றார். இரண்டு 'ங்க'. கோமதி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். ஆறேழு மாதமாக அவள் சரியாகத் தூங்காததெல்லாம் அந்த முகத்தில் இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"மாமா, என் கார் திறந்த கார்தான்" என்றேன்.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் காரை வாங்கியதிலிருந்து முதல் தடவையாக என்னை ஒரு உபயோகமுள்ள பிறவியாக அப்பா பார்த்தார். பெரியப்பா கீழே இறங்கி வந்து, காரின் மூக்கில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்து, "செவப்பு. மங்களகரமா இருக்குதுங்க" என்றார். ஒரே ஒரு 'ங்க'. வேலை முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்க்கலாம் என்று அப்பாவை மாப்பிள்ளையாக ஏற்றிக்கொண்டு காலனியைச் சுற்றினேன். அப்போதுதான் தெரிந்தது, காரின் ஷாக் அப்சார்பர் நான்கும் செத்துப்போய் ரொம்ப நாளாகியிருந்தது. ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை: சக்கரம் மேட்டில் ஏறி இறங்கினால் ஸ்பிரிங் குதிக்கும். அந்தக் குதியை ஒரே தடவையில் அமர்த்துவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. அதற்குள்ளே எண்ணெய் இருக்கும். என் காரில் அந்த எண்ணெயெல்லாம் வெளியே கசிந்து தூசியோடு ஒட்டிக் களிம்பாகி இருந்தது. அதனால் ஒரு வேகத்தடையைத் தாண்டினால், தெருமுனை வரும்வரை கார் குதித்துக்கொண்டே வந்தது. அப்பா இறங்கும்போது முகம் வெளிறியிருந்தது.

"கப்பல்ல போன மாரி இருக்குலே. மாப்பிள்ளை வந்து எறங்கி ஆரத்தித் தட்டுல வாந்தி எடுத்தா நம்ம மானம் என்னத்துக்கு ஆகும்?"

கோமதியும் தன் பங்குக்கு வந்து நின்றாள். "அண்ணே, எனக்கு ஒண்ணுமே வேண்டாம். அவர் ஆடக் கூடாது, மாலை கலையக் கூடாது. அவ்ளோதான்."

ஆடக் கூடாது. இந்த இரண்டு வார்த்தையைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கல்யாண வேலை எதற்கும் நான் வரவில்லை. மற்றவர்கள் சரோஜினி நகரில் ஜவுளிக்கு அலைந்துகொண்டிருக்க, நான் லேப்டாப்பில் ஷாக் அப்சார்பர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா கறிவேப்பிலை வாங்கிவரச் சொன்னால்கூட, "முக்கியமான வேலையில் இருக்கேன்மா" என்பேன். (பொய் இல்லை. அப்படித்தான் நம்பினேன்.) பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. அங்கே கேட்டேன். கார் வந்தபோது இருந்த அதே மாதிரி கம்பெனி ஷாக் அப்சார்பரை வாங்கி மாட்டு, அதுதான் உத்தமம் என்று ஒருவர் எழுதினார். அவர் சுத்த பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டினேன். இன்னொருவர், எண்ணெயோடு காற்றும் அடைத்த நடுத்தர ரகம் போதும், நம் ஊர் ரோட்டுக்கு அதுவே அதிகம் என்றார். அவர் கனவே காணாத மனிதர் என்று தோன்றியது. மூன்றாமவர் எழுதினார்: ஸ்பிரிங்கோடு சேர்ந்து வரும் ரேஸ் செட் போடு, மேலே ஒரு திருகு இருக்கும், அதைத் திருகத் திருக இறுகும், இன்னொரு வளையத்தைத் திருகினால் காரே தாழும், அதற்குப் பிறகு எவ்வளவு வேகத்தில் வளைவில் திரும்பினாலும் கார் இம்மியும் ஆடாது.

ஆடாது! என் தங்கை கேட்டது அதுதானே?

மாப்பிள்ளை அழைப்பில் வளைவு எங்கே இருக்கிறது, வேகம் எங்கே இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில்தான் அந்தக் கார் போகப்போகிறது. அவரும் நடுவில் நின்று நின்று வாசிப்பார். கோவிலிலிருந்து மண்டபத்துக்கு ஒரே நேர் ரோடு. அந்த ரோட்டில் காலனிக்காரர்கள் ஆசை ஆசையாகப் போட்டு வைத்திருக்கும் வேகத்தடைகளைத் தவிர வேறு அபாயம் எதுவும் கிடையாது.

சனிக்கிழமை காஷ்மீரி கேட் போனேன். உதிரி பாகக் கடைகள் நெருக்கியடிக்கும் அந்தச் சந்தில் பண்ட்டி என்பவரின் கடைதான் ரேஸ் சாமான்களுக்குப் பெயர்போனது என்று இணையத்தில் சொல்லியிருந்தார்கள். சுவர் முழுக்க கார் படங்கள். பண்ட்டி தங்கச் சங்கிலியோடு உட்கார்ந்து சோளே பட்டூரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் காரைப் பார்த்ததும் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து, "வாஹ் ஜி வாஹ்" என்றார்.

நியாயமான மனிதர்தான். முதலிலேயே கேட்டார்: "ரோஸ் சலானா ஹை, யா ரேஸ் கே லியே?" தினமும் ஓட்டவா, ரேசுக்கா?

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. என் தங்கை மாப்பிள்ளையைக் கோவிலிலிருந்து மண்டபத்துக்கு மேளதாளத்தோடு கூட்டிவர வேண்டும் அண்ணா, மெதுவாகப் போகும், மெத்தென்று இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். கடையில் இன்னும் நாலைந்து இளைஞர்கள் இருந்தார்கள். எல்லோரும் கறுப்பு டீ ஷர்ட். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்வலம் என்ற வார்த்தை தொண்டைவரை வந்து திரும்பிப் போய்விட்டது.

"ரேஸ்" என்றேன்.

பண்ட்டி என் தோளில் ஓங்கித் தட்டினார். உள்ளேயிருந்து நீல நிற ஸ்பிரிங்கோடு நான்கு ஷாக் அப்சார்பர்களைக் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவு அழகான சாமானை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மாலைக்குள் மாட்டி முடித்தார்கள். "நீச்சே கர் தூ?" என்று கேட்டார் பண்ட்டி. காரைத் தாழ்த்தட்டுமா? "கர் தோ" என்றேன். தாழ்த்தினார்கள். தள்ளி நின்று பார்த்துவிட்டு, "தோடா அவ்ர்" என்றேன். இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார்கள். பண்ட்டி காரின் ஒரு மூலையில் தன் முழு எடையையும் போட்டு அழுத்திக் காட்டினார். கார் அசையவில்லை. எனக்குப் புல்லரித்தது.

வீட்டுக்கு ஓட்டிவரும்போது ரோட்டில் கிடந்த ஒவ்வொரு சின்னக் கல்லும் என் முதுகெலும்பில் வந்து தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனது. வேகத்தடைகளில் மட்டும் சற்றுத் தகராறு. நேராக ஏறினால் காரின் வயிறு தட்டியது. அதனால் காரைக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரத்தை முதலில் ஏற்றி, பிறகு அடுத்த சக்கரத்தை ஏற்றி, ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு வந்தேன். ரோடு காலியாக இருந்தால் இது சாத்தியம்தான். கோமதி பால்கனியிலிருந்து இதைப் பார்த்திருக்கிறாள்.

"ஏண்ணே, ஸ்பீட் பிரேக்கர்ல ஏன் நண்டு மாதிரி ஏறுற?"

"உனக்குப் புரியாது. இதெல்லாம் ரேஸ் டெக்னிக்."

அவள் நம்பினாள், பாவம்.

பிப்ரவரி மாதத்து மாலை. நல்ல குளிர். கோவில் வாசலில் கார் மல்லிகைச் சரமும் ரோஜாவுமாக நின்றது. நவீன் கோட்டு சூட்டோடு, கழுத்தில் மாலையோடு, பின்னால் மடித்து வைத்த கூரையின் மேல் மெத்தை போட்டு உயரமாக உட்கார்ந்தார். தினமும் ஜிம்முக்குப் போகிற உடம்பு. பக்கத்து சீட்டில் தாம்பாளத்தோடு பெரியப்பா ஏறினார். அவருக்கு ஜிம் தேவைப்பட்டதே இல்லை. நான் பட்டு வேட்டி சட்டையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். மூன்று பேர் ஏறியும் கார் இம்மியும் அமுங்கவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

நாதஸ்வரம் கிளம்பியது. பின்னாலேயே நான் கிளம்பினேன். பத்தடி போவதற்குள் கண்ணாடியில் பார்த்தேன்: நவீனின் தலை ஆடிக்கொண்டிருந்தது. மெதுவாகப் போகும்போது ஒரு கூழாங்கல்லைக்கூட மன்னிக்காத ஷாக் அப்சார்பர் அது. தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி மாப்பிள்ளை இடமும் வலமும் மேலும் கீழுமாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஓரமாக நடந்துவந்த எங்கள் ஊர் அத்தை ஒருத்தி, "எல்லாத்துக்கும் தலையாட்டுதாரே, கோமதி குடுத்து வச்சவ" என்றாள்.

"தம்பி, ரோடு மோசமுங்களா?" என்றார் பெரியப்பா. தாம்பாளத்திலிருந்த ஆப்பிள்கள் ஒவ்வொன்றாக அவர் மடியில் இறங்கிக்கொண்டிருந்தன.

"ஆமாம் மாமா, டெல்லி ரோடு."

மண்டபம் கண்ணுக்குத் தெரிந்தது. முன்வாசலில் சீரியல் விளக்கு, ஆரத்தித் தட்டோடு பெண்கள். மாடிப் பால்கனியில் அலங்காரத்தோடு கோமதி நின்றிருந்தாள். மண்டபத்துக்கும் எனக்கும் நடுவில் மூன்று வேகத்தடைகள். முதலாவது வந்ததும் வழக்கம்போல் கோணலாகத் திருப்பப் பார்த்தேன். இடப்பக்கம் நிறைய எங்கள் சொந்தக்காரர்கள், வலப்பக்கம் நிறைய அவர்கள் சொந்தக்காரர்கள். முன்னால் தவில். திருப்ப ஒரு சாண் இடம் இல்லை. நேராகவே ஏற்றினேன்.

முன் சக்கரம் ஏறி இறங்கியது. பிறகு 'கர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். தவிலையும் மீறிக் கேட்டது. கார் வயிற்றால் வேகத்தடையின் மேல் படுத்துக்கொண்டது. ஆக்சிலேட்டரை மிதித்தேன்; பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை வந்தது. ரிவர்ஸ் போட்டேன், முன்னாலிருந்து இன்னொரு சத்தம் வந்தது. நாதஸ்வரக்காரர் பின்னால் நடப்பது தெரியாமல் கொஞ்சதூரம் தனியாகப் போய்விட்டு, யாரோ கைதட்டிக் கூப்பிட்டுத் திரும்பி வந்தார்.

"தம்பிங்க" என்றார் பெரியப்பா. "வண்டிங்க, நின்னுடுச்சுங்களா?"

எண்ணிப் பாருங்கள். மூன்று.

"ஒரே நிமிஷம் மாமா" என்று குதித்து இறங்கினேன். ஷாக் அப்சார்பர் மேலே இருக்கிற திருகு ஞாபகம் வந்தது. அதைத் தளர்த்தினால் கார் மெத்தென்று ஆகும் அல்லவா? பட்டு வேட்டியோடு மண்டிபோட்டு, சக்கரத்துக்கு மேலே கையை விட்டுத் திருகினேன். நான்கையும் திருகினேன். வேகத்தடையின் மேல் படுத்திருக்கும் கார் மெத்தென்று படுத்துக்கொண்டது, அவ்வளவுதான். உயரத்தைக் கூட்டுகிற வளையத்துக்குத் தனியாக ஒரு கொக்கி ஸ்பேனர் வேண்டும். அது வீட்டில், பண்ட்டி கொடுத்த அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருந்தது. எழுந்து நின்றபோது என் சட்டையில் கிரீஸ், முழங்காலில் தார்.

"பெரியப்பா, நான் எறங்கிட்டா வண்டி ஏறிக்குமுங்க" என்றார் நவீன்.

"நீ எறங்கப்படாது கண்ணு."

அவர்கள் பக்கத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. மேலே பார்த்தேன். கோமதி பால்கனிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் நான் இந்த லட்சணத்தில் செய்து வைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மீசை வைத்த ஆள் நடுரோட்டில் நின்று அழுதேன்.

அப்போது அப்பா வந்தார். ஃபைலில் மேலதிகாரி கையெழுத்து இல்லாமல் மின்விசிறி ஸ்விட்சைக்கூடப் போடாத மனிதர் அவர். தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். "கூறு கெட்டவனே, அழுதா கார் நவுருமால? பிடில அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து, பின் பம்பரைப் பிடித்தார்.

எதற்கும் அண்ணன் முகத்தைப் பார்க்கும் நவீனின் அப்பா, அண்ணனைப் பார்க்காமலே வந்து எங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் குனிந்தார். "பாத்துங்க சம்பந்தி, முதுகு பிடிச்சுக்கும்" என்றார். சம்பந்தி என்று அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. எங்கள் மாமாக்கள் ஒரு பக்கம், அவர்கள் பங்காளிகள் ஒரு பக்கம். காலனி வாட்ச்மேன் தடியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மோமோ வண்டிக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கதவு திறந்தது. பெரியப்பா இறங்கினார். தாம்பாளத்தை ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "பையன்தான் எறங்கப்படாது. நான் எறங்கலாமுங்க" என்றபடி கதவுக்குக் கீழே கையைக் கொடுத்தார். பத்து பேர் தூக்குவதை அவர் ஒருவரே தூக்கிவிடுவார் என்பது அப்போது தெரிந்தது.

வாட்ச்மேன் குரல் கொடுத்தார்: "ஜோர் லகா கே..."

"ஹைஷா!" என்றார்கள் பாதிப் பேர். "ஐலசா!" என்றார்கள் மீதிப் பேர். கார் மாப்பிள்ளையோடு எழும்பி, வேகத்தடைக்கு அந்தப் பக்கம் போய் இறங்கியது. மாலை கலையவில்லை.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் உட்கார்ந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். பெரியப்பா ஜன்னல் பக்கம் குனிந்தார். "தம்பி, இன்னும் ரெண்டு மேடு இருக்குது. எஞ்சின ஆஃப் பண்ணீட்டு சும்மா உக்காரு கண்ணு."

ஒரு 'ங்க'கூட இல்லை. நவீனிடம் பேசுகிற அதே குரல். அப்படித்தான் மண்டபத்துக்குப் போனோம். மேடு வந்தால் தூக்கினார்கள், சமதரை வந்தால் தள்ளினார்கள். நாதஸ்வரக்காரர் தள்ளுகிற தாளத்துக்கு வாசிக்க ஆரம்பித்துவிட்டார். நான் மட்டும் காரணமே இல்லாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பின்னாலிருந்து நவீன் மெதுவாகக் கேட்டார். "மச்சான், மண்டபத்துக்குள்ளயும் தூக்கீட்டுப் போவாங்களா?"

"வாயத் திறக்காதீங்க மாப்ள."

இரண்டாவது மேட்டில் யாரோ சிரித்தார்கள். மூன்றாவது மேட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மேலே பார்த்தேன், கோமதி கண் மை கலையக் கலையச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆரத்தி எடுத்தார்கள். நவீன் இறங்கினார். அவர் கால் தரையில் பட்டதும் எனக்குத்தான் உயிர் வந்தது. பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். இப்போது என்ன சொல்லப் போகிறாரோ என்று இரண்டு வீட்டாரும் அவர் வாயையே பார்த்தோம்.

"எங்க குடும்பத்துல எத்தனையோ மாப்பிள்ளை அழைப்பு பாத்திருக்கேன். வில்வண்டில வந்திருக்கறாங்க, கார்ல வந்திருக்கறாங்க. மாப்பிள்ளையக் காரோட தூக்கீட்டு வந்து எறக்குன பொண்ணு வீட்ட இப்பத்தானுங்க பாக்கறேன். மருவாதைன்னா இதுதானுங்க மருவாதை."

அவர் நிஜமாகவே அப்படி நினைத்தாரா, அல்லது நடுரோட்டில் அழுத ஒரு முட்டாளுக்காகச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்டதில்லை. கேட்காமலே அவர் காலில் விழுந்தேன்.

அடுத்த வாரம் பண்ட்டியிடம் போய் அந்த செட்டைக் கழற்றிவிட்டு, கம்பெனி ஷாக் அப்சார்பரே மாட்டச் சொன்னேன். "ரேஸ் கைஸா ரஹா?" என்று கேட்டார். ரேஸ் எப்படி இருந்தது? எல்லோரும் சேர்ந்து தூக்கித்தான் முடித்தோம் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஃபர்ஸ்ட்" என்றேன். கடைச் சுவரில் ஒட்ட காரின் போட்டோ கேட்டார். கொடுத்தேன், மாப்பிள்ளையும் மல்லிகைச் சரமும் இல்லாத படமாகத் தேடி எடுத்து.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த வருஷம் கோயம்புத்தூரில் அவர்கள் வீட்டில் இன்னொரு கல்யாணம். மாப்பிள்ளை கார் மண்டபத்து வாசலுக்கு வந்ததும் பெரியப்பா கையை உயர்த்தி நிறுத்தி, பெண் வீட்டாரைப் பார்த்து, "தூக்குங்க" என்றாராம். வேகத்தடையே கிடையாது. கார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. "எங்க வீட்டு வழக்கமுங்க" என்றிருக்கிறார். தூக்கினார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் என் கல்யாணம். சம்பந்தி வீட்டுப் பெரியவர் என்ற முறையில் அவர்தான் முன்னே நின்றார். என்னை ஏற்றிவந்தது வாடகைக்கு எடுத்த திறந்த ஜீப், முழுக்க இரும்பு. மண்டபத்து வாசலில் அதை நிறுத்தி, என் வருங்கால மாமனாரைக் கூப்பிட்டு, வழக்கத்தை விளக்கினார். நான் பதறிப்போய், "மாமா, அது வந்து..." என்று எழுந்தேன். பெரியப்பா என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "தம்பி, நீங்க எறங்கப்படாது."

டெல்லியில் பிறந்த என் மாமனாருக்குத் தமிழ்ச் சடங்குகள் தெரியவில்லையே என்று எப்போதும் ஒரு குறை உண்டு. அதனால் மற்ற எவரையும்விட ஆர்வமாகக் குனிந்தார். ஜீப் ஒரு அங்குலம்கூட எழும்பவில்லை. அவர் மட்டும் குனிந்தபடியே நின்றுவிட்டார். தாலி கட்டும்போது அவரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் டிசம்பர் பிறந்தால் வீடெல்லாம் தைல வாசனை. "க்யா கரே, ப்ராசீன் பரம்பரா" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார், என்ன செய்ய, ஆதிகாலத்து வழக்கமாம். என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

போன வாரம் என் மைத்துனிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாமனார் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"மாப்ளே, இந்த வாட்டி நீங்களும் பொண்ணு வீடு. பையன் வீட்டுக்கு இந்த வழக்கமே தெரியாதாம், நான்தான் சம்ஜாயிச்சுப் புரிய வச்சேன். ரொம்ப குஷ் ஆயிட்டாங்க. எனக்குத்தான் கமர், அதான் முதுகு, போச்சே? மூத்த மாப்பிள்ளை நீங்கதான் பின் பம்பர் பிடிக்கணும்."

"என்ன கார் மாமா?" என்று மட்டும் கேட்டேன்.

"கார் இல்லையாம்" என்றார். "பையனோட அப்பாவுக்கு டிராவல்ஸ் பிசினஸ். மேல் தட்டு திறந்த பஸ்ஸாம்."